ரீம்ஸா, ரேன்ஸா? ஆங்கிலம் பேசும்போது பிரெஞ்சு ஊர்ப்பெயரை எப்படிச் சொல்வது

காலை எட்டரை மணிக்குக் கைபேசி அடித்தது. "நாங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம், உங்களைத்தான் காணோம்" என்றார் அந்த ஆங்கிலேயப் பெண்மணி. நான் பாரிஸின் கிழக்கு நிலையமான கார் து லெஸ்த் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மற்ற ஆறு பேரும் வந்துவிட்டார்கள். "சுற்றிலும் என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். "ரொம்ப உயரமாக ஒரு கறுப்புக் கட்டடம்" என்றார். சரி, புரிந்துவிட்டது. அவரும் கணவரும் நகரத்தின் மறுகோடியில், மோன்பர்னாஸ் நிலையத்தில் நிற்கிறார்கள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் இரவு, தங்கியிருந்த ஓட்டலின் வரவேற்பில் நாளைக்கு எந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஊர்ப்பெயரைச் சின்ன வயதில் கற்றபடி 'ரீம்ஸ்' என்று சொல்லாமல், மரியாதைக்காகப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். வாயில் வந்தது 'ரென்ஸ்'. பிரெஞ்சுக் காதுக்கு அது ரென். ரென் மேற்கே பிரிட்டனியில் இருக்கிறது, அதற்கு மோன்பர்னாஸிலிருந்து ரயில். நாங்கள் போக வேண்டிய ஊர், ஆங்கிலத்தில் ரீம்ஸ், பிரெஞ்சில் ரேன்ஸ், கிழக்கே ஷாம்பெய்ன் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில். வரவேற்பில் இருந்த பையன் மெட்ரோ வழியெல்லாம் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறான், வேறு ஊருக்கு.

மெட்ரோ 4ஆம் தடம் மோன்பர்னாஸையும் கார் து லெஸ்த்தையும் நேராக இணைக்கிறது, அதனால் அன்று பயணம் முழுக்கக் கெடவில்லை. அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தார்கள். ஆனால் ரேன்ஸ் பேராலயத்தின் கிழக்குக் கோடியில் மார்க் ஷகால் வரைந்த நீலக் கண்ணாடிச் சன்னல்கள் இருக்கின்றன, 1974இல் வைத்தவை. காலை வெயில் அதன் வழியே விழும் அரைமணி நேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மனசில் கிடக்கிறது.

புதுச்சேரியில் பிறந்து, பாரிஸில் பல வருஷமாக ஆங்கிலம் பேசும் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது, ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஒரு பிரெஞ்சு ஊர்ப்பெயரைச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது ஒரு முடிவுதான். பழைய ஆங்கில வடிவத்தைச் சொல்லலாம். பிரெஞ்சு எழுத்தை ஆங்கிலம் மாதிரி படிக்கலாம். அச்சு அசலாகப் பிரெஞ்சுக்காரர் மாதிரியே சொல்லலாம். அல்லது பிரெஞ்சு ஒலியின் எலும்பை வைத்துக்கொண்டு நம் வாய்க்கு வருகிறபடி சொல்லலாம். இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்த்து நான் எங்கே வந்து நிற்கிறேன் என்பதைச் சொல்கிறேன். லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ பிரான்ஸுக்கு வருகிறவர்களுக்கும், வேலை நிமித்தம் ஆங்கிலத்தில் பிரெஞ்சு ஊர்களைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் பழைய ஆங்கில வடிவம். இதை நாட்டுப்புறத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அந்த வடிவங்களுக்குள் சரித்திரம் இருக்கிறது. 'பாரிஸ்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது கடைசி ஸ் கேட்கிறதே, அது ஆங்கிலேயர் செய்த பிழை இல்லை. அந்தப் பெயர் ஆங்கிலத்துக்குப் போன காலத்தில் பிரெஞ்சுக்காரர்களே அந்த ஸ்-ஐச் சொன்னார்கள். பிற்பாடு பிரெஞ்சு அதை விழுங்கியது, ஆங்கிலம் வைத்துக்கொண்டது. தாய்வீட்டில் தொலைந்த நகை மகள் வீட்டுப் பெட்டியில் கிடைப்பது மாதிரி. கலே துறைமுகமும் அப்படித்தான். 1347 முதல் 1558 வரை ஆங்கிலேயர் கையில் இருந்த ஊர் அது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அதன் பெயர் 'கேலிஸ்'. இன்று இங்கிலாந்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தின் கனடா எல்லையில் இதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது, எழுத்துகூட அதேதான். அங்கே உள்ளவர்கள் இன்றைக்கும் தங்கள் ஊரைக் 'கேலஸ்' என்கிறார்கள்.

ரீம்ஸுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதை ஆர், எச் என்று தொடங்கி எழுதுவது நீண்ட கால வழக்கம். எலிசபெத் அரசி காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறிய ஆங்கிலக் கத்தோலிக்கர்கள் இந்த ஊரில் கல்லூரி நடத்தினார்கள். 1582இல் அவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இங்கேதான் அச்சானது. அந்த வேதாகமத்தின் பெயரிலேயே ஊர் இருக்கிறது, அதனால் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த ஒரு ஐரிஷ் பாட்டிக்கு இது ரீம்ஸ்தான். ஜோன் ஆஃப் ஆர்க் பக்கத்தில் நிற்க ஏழாம் சார்ல் முடிசூடிய ஊர், 1429 ஜூலை 17. 1945 மே 7 விடியற்காலையில் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்திட்ட ஊரும் இதுவே, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில். இதையெல்லாம் ஆங்கிலத்தில் படித்து வருகிறவர்கள் மனசில் ரீம்ஸ் என்ற ஒலியோடுதான் வருகிறார்கள். "அப்படிச் சொல்லாதீர்கள்" என்று முதல் நிமிஷத்திலேயே திருத்தினால் அவர்கள் கொண்டுவந்த நினைவையும் சேர்த்துத் திருத்துகிற மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் பழைய வடிவத்தையே வைத்துக்கொள்ளலாமா? என் கணக்கு, இன்றைக்கும் உயிரோடு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். பாரிஸ், நார்மண்டி, பிரிட்டனி, பர்கண்டி, டன்கர்க் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே 'பாரி' என்றால் கேட்கிறவர் திடுக்கிடுவார். 1940இல் கடற்கரையிலிருந்து 3,38,000 வீரர்களை மீட்டதைச் சொல்லும்போது 'டங்கெர்க்' என்று பிரெஞ்சில் சொன்னால் கதையே வேறு ஊருக்குப் போய்விடும். ஆனால் லியோனை 'லையன்ஸ்' என்றும் மார்செயை 'மார்சேல்ஸ்' என்றும் சொல்வது முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகைகள் பலவும் அந்த ஊர்களைக் கடைசி எஸ் இல்லாமல் பிரெஞ்சுக்காரர் எழுதுகிறபடியே எழுதத் தொடங்கிவிட்டன. ரீம்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எச் போய்விட்டது, ஒலி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சில பெயர்களில் இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன, அதில் எனக்குத் தனி ஆசை. 1415இல் ஆங்கிலேயர் வென்ற போர், ஆங்கிலத்தில் 'அஜின்கோர்ட்'. அந்தக் கிராமத்துக்குப் போனால் பலகையில் இருப்பது 'அஸேன்கூர்', ஜீ இல்லை, இஸட். போரைப் பேசும்போது பழைய பெயர், வண்டி ஓட்டுநரிடம் வழி சொல்லும்போது ஊர்ப்பலகையில் இருக்கும் பெயர். எங்கள் ஊரிலும் இதே கதைதான். தமிழில் எப்போதும் புதுச்சேரி, பிரெஞ்சில் போந்திஷெரி, ஆங்கிலத்தில் பாண்டிச்சேரி. 2006இல் அதிகாரப் பெயரும் புதுச்சேரி ஆனது. கவர்னர் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினால் பாண்டிச்சேரி என்கிறேன், இன்றைய ஊரைச் சொன்னால் புதுச்சேரி. இரண்டும் என் வாய்க்குப் பழக்கம், ஒன்று மற்றொன்றை மறுப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாவது வழி, எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் மாதிரி படிப்பது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் செய்தது இதுதான். பெல்ஜியத்து ஈப்ர் நகரம் அவர்களுக்கு 'வைப்பர்ஸ்'. பெரிய முகாம் இருந்த ஏதாப்ள் 'ஈட் ஆப்பிள்ஸ்' ஆனது. ஸோம் போர்க்களத்தில் மூக்கே பண்ணை 'மக்கி ஃபார்ம்', சேற்றுப் பண்ணை. இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் ஒருமுறை அந்தக் கல்லறைகளுக்கு நடுவில் நின்று பார்க்க வேண்டும். சேற்றில் மாசக்கணக்காகக் கிடந்த பையன்கள் அந்த ஊரைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட விதம் அது. பேரன் பேத்திகள் வந்து "தாத்தா வைப்பர்ஸில் இருந்தார்" என்று சொல்லும்போது நானும் வைப்பர்ஸ் என்றே பதில் சொல்கிறேன். பாரிஸில் நம் ஈழத் தமிழர்கள் கடை வைத்து, கோயில் கட்டி வாழ்கிற லா ஷப்பெல் வட்டாரம் அவர்கள் வாயில் 'லாச்சப்பல்' ஆனதும் அதே உரிமையில்தான்.

ஆனால் அங்கே வாழ்ந்து சம்பாதித்த பெயர் வேறு, இரண்டு நாள் பயணத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பது வேறு. இரண்டாவதில் ஆபத்து அதிகம், ஏனென்றால் பிரெஞ்சு எழுத்து தன் ஒலியை முழுசாகச் சொல்லாது. இன்னொரு வகை ஆபத்தும் உண்டு, 'பிரெஞ்சில் கடைசி எழுத்து ஒலிக்காது' என்ற அரை விதியை எல்லாப் பெயருக்கும் போடுவது. தூர் நகரத்தில் கடைசி எஸ் ஒலிக்காது. ரேன்ஸில் ஒலிக்கும். அராஸிலும் சான்லிஸிலும் ஒலிக்கும். ஷமோனி என்ற மலை ஊரில் கடைசி எக்ஸ் மௌனம், ஆனால் தெற்கே எக்ஸ் நகரத்தில் அந்த எக்ஸ்தான் பெயரே. சேன் த்ரொப்பேயில் இஸட் கேட்காது, பியாரிட்ஸில் நன்றாகக் கேட்கும். மெட்ஸ் என்று எழுத்து சொல்கிற ஊரை அந்த ஊர்க்காரர்கள் 'மெஸ்' என்கிறார்கள், நடுவில் இருக்கும் டீ-யைக் காணோம். எங்கள் ஊர் கவர்னர் துய்ப்ளேக்ஸ் பெயரில் பாரிஸ் மெட்ரோ 6ஆம் தடத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. அரை விதி தெரிந்த பயணிகள் அதை 'டூப்ளே' என்கிறார்கள். நம்மில் பலரும் பள்ளியில் அப்படித்தான் படித்தோம். ஆனால் பிரெஞ்சில் அதன் கடைசி எக்ஸ் ஒலிக்கும். துய்ப்ளேக்ஸ் என்று எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் எழுதியதுதான் ஒலிக்குக் கிட்டே இருக்கிறது.

இந்த விஷயத்தில் மிக அதிகமாக அடிபடுவது கான் நகரம்தான். திரைப்பட விழா நடக்கும் ஊர். தமிழ்ப் பத்திரிகைகள் அதைக் 'கேன்ஸ்' என்று எழுதி எழுதி அதுவே நிலைத்துவிட்டது. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்ததால் வந்தது அது, ஆங்கிலேயர்களே ஸ் சேர்ப்பதில்லை. அவர்கள் சொல்வது 'கேன்' அல்லது 'கான்'. பிரெஞ்சுக்காரர் சொல்வது 'கன்', கடைசியில் ன் அழுத்தமாக. இது போதாதென்று வடக்கே நார்மண்டியில் இன்னொரு ஊர் இருக்கிறது, அதைப் பிரெஞ்சில் 'கா' என்று மூக்கில் இழுத்துச் சொல்ல வேண்டும், ன் நாக்கில் படவே கூடாது. 1944இல் நேச நாட்டுப் படைகள் பெரும் விலை கொடுத்துப் பிடித்த ஊர் அது. விழாவுக்குப் போகிறவரும் போர்க் கல்லறை தேடிப் போகிறவரும் ஆங்கிலத்தில் இரண்டையுமே ஏறத்தாழ 'கான்' என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பிரான்ஸின் முழு நீளம் கிடக்கிறது. ஆங்கிலத்தில் பேசும்போது நான் விழா நடக்கும் ஊரைக் 'கேன்' என்றும், மற்றதைச் சொல்லும்போது எப்போதும் 'நார்மண்டியில் உள்ள' என்று முன்னால் சேர்த்தும் சொல்கிறேன். உச்சரிப்பை நம்பாமல் வாக்கியத்தை நம்புவது நல்லது.

மூன்றாவது வழி, அச்சு அசல் பிரெஞ்சு. தொண்டையில் உரசும் ர, கூர்மையான உய், எல்லாம் சேர்த்து. இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் இப்படித்தான் செய்தேன். ஊருக்குச் செய்யும் மரியாதை என்று மனதார நம்பினேன். பிரெஞ்சு எனக்குப் பள்ளிக்கூட மொழி, நாக்கு தானாகத் திரும்பும். ஒருநாள் ஒஹையோவிலிருந்து வந்த ஓர் ஆசிரியை மதிய உணவின்போது சொன்னார், "நீங்கள் சொல்கிற கதையெல்லாம் பிடிக்கிறது. ஆனால் பெயர்கள் மட்டும் என் காதில் நிற்கவே இல்லை. எதைப் பற்றிக் கேள்வி கேட்பது என்று தெரியவில்லை." அவருடைய குறிப்பேட்டைக் காட்டினார். பெயர் வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு கோடு போட்டு விட்டிருந்தார். ஏழெட்டுக் கோடுகள்.

அந்தக் கோடுகள் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தன. ஆங்கில வாக்கியம் ஒரு தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு சொல் மட்டும் வேறு மொழியின் தாளத்துக்கு மாறினால், கேட்கிறவர் காது அதைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஏதோ சத்தமாகக் கடந்து போய்விடுகிறது. சொன்னவர் மொழி தெரிந்தவர் என்பது மட்டும் பதிகிறது, ஊர் பதிவதில்லை. அதனால் முழுப் பிரெஞ்சு ஒலியை இரண்டு இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பயணி தன் வாயாலேயே ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் கற்றுக்கொடுப்பேன். ரயில் அறிவிப்பில் அவர் அதைக் கேட்டு அடையாளம் காண வேண்டியிருந்தால், காதுக்குப் பழக்கிவிடுவேன். ரேன்ஸுக்கு வெளியே ஷாம்பெய்ன்-ஆர்தென் என்று இன்னொரு அதிவேக ரயில் நிலையம் இருப்பதால், வண்டியில் சொல்வது காதில் சரியாக விழாவிட்டால் ஆள் இறங்க வேண்டிய இடம் மாறிவிடும்.

நான்காவது வழிதான் நான் வந்து சேர்ந்த இடம், பிரெஞ்சு ஒலியின் எலும்பு, நம் வாயின் சதை. எந்த எழுத்து ஒலிக்கும், எது ஒலிக்காது என்பதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொள்வது. ரகரத்தைத் தொண்டைக்குள் கொண்டுபோகாமல் நமக்கு வருகிற ர-வையே வைப்பது. வாக்கியத்தின் தாளத்தை உடைக்காமல் போவது. லியோனை 'லையன்' என்று சிங்கம் ஆக்காமல், 'லியோன்' என்று இரண்டு அசையில் சொன்னால் போதும். மார்சேல்ஸ் வேண்டாம், 'மார்சே'. ரீம்ஸுக்கு 'ரேன்ஸ்', கடைசி ஸ் கட்டாயம். அந்த ஸ்-ஐ நன்றாக ஊன்றி, முன்னாலுள்ள ன்-ஐ மூக்கில் கரைத்துவிட்டால் ரென் என்ற ஊரோடு குழம்பாது. மோன்பர்னாஸுக்குப் போன தம்பதி இரண்டையும் எதிர்மாறாகச் செய்துவிட்டார்கள். ன் ஊன்றி நின்றது, ஸ் மெலிந்தது.

இதில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆங்கிலேயர்களுக்கு மூக்கொலி உயிர்கள் மிகக் கஷ்டம், நமக்குப் பிறந்ததிலிருந்தே உண்டு, தெரியாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு தடவை திருச்சியிலிருந்து ஓர் அம்மா, லண்டனில் இருக்கும் மகள் குடும்பத்தோடு வந்திருந்தார். ரயிலில் மருமகனும் பேரனும் ரேன்ஸ் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வரவே இல்லை.

நான் அவரிடம் கேட்டேன். "அம்மா, நேத்து ஈஃபில் கோபுரம் பாக்கப் போனீங்களா?"

"ஆமா தம்பி, போனேன். நல்லா பாத்தேன்."

"அந்த 'பாத்தேன்'ல கடைசி ன் நாக்குல படுதா?"

அவர் இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "படலியே. மூக்குலதான் போகுது."

"அந்தத் தேன்-ல தகரத்தை எடுத்துட்டு ரகரத்தைப் போடுங்க. வாயைக் கொஞ்சம் கூடத் திறங்க. பின்னாடி ஸ் சேருங்க."

முதல் தடவையிலேயே வந்துவிட்டது, பாரிஸ்காரர் சொல்கிற மாதிரி. எதிர் இருக்கையிலிருந்த பிரெஞ்சு மாணவி நிமிர்ந்து பார்த்தாள். பேரன் பாட்டியை அன்று முழுக்க அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தான்.

'வந்தேன், பாத்தேன்' என்பதில் ரேன்ஸின் ஒலி இருக்கிறது. 'நான்' என்று வேகமாகச் சொல்லும்போது கடைசியில் மூக்கில் கரைகிறதே, அது நார்மண்டியின் கா. 'போறோம், வர்றோம்' என்பதன் முடிவில் லியோன். இதை மட்டும் மனசில் வைத்தால் பாதிப் பிரான்ஸைச் சொல்லிவிடலாம். எழுதும்போது ன், ம் போடுகிறோம், பேசும்போது கரைக்கிறோம், பிரெஞ்சுக்காரரும் அதையேதான் செய்கிறார்கள். அப்புறம் நம் ஞ. ஆங்கிலேயர் 'அவின்யான்' என்று இரண்டாக உடைக்கும் ஊரை நாம் 'அவிஞோன்' என்று ஒரே எழுத்தில் சொல்லிவிடுகிறோம். பெர்பிஞான், பூர்கோஞ் (பர்கண்டி), ப்ரெதாஞ் (பிரிட்டனி) எல்லாம் ஞகரம்தான். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'அவிக்னான்' என்று தமிழில் எழுதுகிறவர்கள் கையில் இருக்கும் சரியான எழுத்தைக் கீழே வைத்துவிட்டுத் தப்பானதை எடுக்கிறார்கள்.

இவ்வளவும் பிரான்ஸில் இருக்கும் ஊர்களுக்கு. பிரெஞ்சுப் பெயர் வேறு மண்ணில் நடப்பட்டிருந்தால் என் முடிவு அப்படியே மாறிவிடும். அங்கே பிரெஞ்சு ஒலிக்கு எந்த அதிகாரமும் இல்லை, அந்த ஊரில் வாழ்கிறவர்கள் சொல்வதுதான் பெயர். டெட்ராய்ட் 1701இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ஊர், நீரிணை என்று பொருள், பிரெஞ்சில் 'தேத்ருவா'. அங்கே போய் யாராவது தேத்ருவா என்று சொன்னால் அந்த நகரத்து மக்களுக்கு அது தங்கள் ஊராகவே படாது. அயோவா மாநிலத் தலைநகர் 'டி மாய்ன்', இரண்டு எஸ்ஸும் மௌனம், ஆனால் மற்ற ஒலியெல்லாம் அமெரிக்கம். 1764இல் பிறந்த செயின்ட் லூயிஸில் எஸ் கேட்கும், இலினாயில் கேட்காது. ஒரு விதியும் உதவாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மான்ட்ரியாலிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'மன்ட்ரியால்' என்கிறார்கள், அப்படியானால் ஆங்கிலத்தில் அதுதான் அந்த ஊர்.

ஒரு வருஷம் கென்டக்கியிலிருந்து வந்த ஒரு பெரியவர், வெர்சாய் அரண்மனைக்குப் போகும் வழியில் தயங்கித் தயங்கிச் சொன்னார், அவருடைய ஊருக்கும் இதே பெயர்தான், ஆனால் அவர்கள் அதை 'வர்சேல்ஸ்' என்பார்கள் என்று. தவறு ஏதோ செய்துவிட்டவர் போலச் சொன்னார். நான் அவரிடம் சொன்னது இதுதான். உங்கள் ஊர் 1792இல் பிறந்தது, இருநூறு வருஷத்துக்கு மேல் அங்கே பிறந்து செத்த எல்லோரும் வர்சேல்ஸ் என்றே சொல்லியிருக்கிறார்கள், இதைவிடச் சரியான உச்சரிப்பு என்ன வேண்டும்? அன்று மாலை வரை அவர் அரண்மனையை வெர்சாய் என்றும் ஊரை வர்சேல்ஸ் என்றும் துளியும் தடுமாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஜான் அரசர் 1204இல் மடம் கட்டிய இடம் 'பியூலி'. நீஸ் பக்கத்துக் கடற்கரையில் அதே எழுத்துள்ள ஊர் 'போலியு'. இரண்டுக்கும் அழகிய இடம் என்றுதான் பொருள்.

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்துக் கதையை மட்டும் விட மனசில்லை. அது அந்த மண்ணின் பழங்குடி மக்களைக் குறித்த பெயர், அதை எழுதிவைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், கடைசி எஸ்ஸை அவர்கள் வழக்கப்படி மௌனமாக விட்டார்கள். பிற்பாடு ஆங்கிலம் பேசுகிறவர்கள் கன்சஸ் மாதிரியே 'ஆர்கேன்சஸ்' என்றும் படிக்கத் தொடங்க, அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கடைசியில் 1881இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மூன்று அசை, கடைசி எஸ் ஒலிக்காது. ஓர் ஊர்ப்பெயரை எப்படிச் சொல்வது என்று அந்த ஊர் மக்களின் பிரதிநிதிகளே உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான வழி இல்லை.

பிபிசி 1926லேயே பேச்சு ஆங்கிலத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு வைத்தது. இன்றைக்கும் அங்கே உச்சரிப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆங்கிலத்தில் நிலைத்த வடிவம் இருந்தால் அது, இல்லாவிட்டால் அந்த ஊர் ஒலிக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு, ஆங்கிலம் பேசும் நாட்டு ஊர் என்றால் உள்ளூர்க்காரர் சொல்வது. ஏறத்தாழ நானும் அங்கேதான் வந்து சேர்ந்தேன். ஒரே ஒரு வேறுபாடு, அவர்கள் கேட்கிறவரை மட்டும் நினைத்தால் போதும். என் ஆட்கள் கேட்டுவிட்டு எழுந்து அந்த ஊருக்குப் போக வேண்டியவர்கள். ஒரு பெயரால் டிக்கெட் வாங்க வேண்டும், ரயில் மாற வேண்டும், வழி கேட்க வேண்டும். அதனால் நிலைத்த ஆங்கில வடிவம் இருந்தாலும், பயணத்தில் உதவாது என்றால் நான் அதைத் தனியாக விடுவதில்லை. முதல் தடவை இரண்டையும் சேர்த்துச் சொல்வேன், "ரேன்ஸ், நீங்கள் ரீம்ஸ் என்று படித்திருப்பீர்களே, அந்த ஊர்". அதற்குப் பிறகு நாள் முழுக்க ரேன்ஸ் மட்டும். பாரிஸுக்கும் நார்மண்டிக்கும் இந்த வேலையே தேவையில்லை.

எழுத்தில் முடிவு சுலபம். ஆங்கிலத்தில் எழுதினால் ரேன்ஸுக்கு எச் வேண்டாம், லியோனுக்கும் மார்சேக்கும் கடைசி எஸ் வேண்டாம். ரயில் பலகையிலும் டிக்கெட்டிலும் வரைபடத்திலும் என்ன இருக்கிறதோ அதே எழுத்து. பழைய நூலிலிருந்து மேற்கோள் காட்டினால் மட்டும் பழைய எழுத்தைத் தொடக்கூடாது.

அந்த மோன்பர்னாஸ் காலைக்குப் பிறகு, பயணத்துக்கு முந்தின நாள் எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறேன். நிலையத்தின் பெயர், மெட்ரோ தடம், நேரம். கீழே, ஊர்ப்பெயரைத் தனி வரியில் பெரிய எழுத்தில். அதன் கூடவே என் குரலில் மூன்று வினாடி ஒலிப்பதிவு ஒன்று, ரேன்ஸ் என்று இரண்டு தடவை, ரென் என்று ஒரு தடவை. வரவேற்பில் கேட்பதாக இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், சொல்லும்போதே இந்த வரியையும் கைபேசியில் காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.